நிலைகொள்ளாத பிள்ளைகள்



வகுப்பறையில் ஆசிரியர் மிகுதியாகச் சொல்லும் சொல் எது என்று கேட்டால், "கவனி" என்பதுதான் என்று நீங்கள் தயங்காமல் விடை கூறுவீர்கள். கணக்கும் வரலாறும் இலக்கணமும் இந்த ஒரு சொல்லுக்குப் பின்னால்தான் வருகின்றன. ஆனால், கவனிப்பது எப்படி என்பதை எந்தப் பாடப்புத்தகமும் கற்பிப்பதில்லை. அது மூச்சு விடுவதைப் போல எல்லாருக்கும் தானே வருவது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். சில பிள்ளைகளுக்கு அது தானே வருவதில்லை. அவர்கள் முயன்றும் வருவதில்லை. அத்தகைய பிள்ளைகளை உலகம் எப்படிக் கண்டது, எப்படி நடத்தியது, இன்று எப்படி அறிந்துகொண்டிருக்கிறது என்னும் வரலாற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அந்த வரலாற்றில் நம் கொங்கு நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

இதனை வரலாறாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பிள்ளை பாடத்தில் நிலைத்து நிற்கவில்லை என்றால் குற்றம் யாருடையது என்பது பழைய கேள்வி. பிள்ளையின் திமிர் என்று ஒரு காலம் விடை சொல்லியது. பெற்றோரின் வளர்ப்பு என்று மற்றொரு காலம் சொல்லியது. மூளையின் வளர்ச்சி முறையில் உள்ள வேறுபாடு என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. விடை மாறும்போதெல்லாம் பிள்ளையின் வாழ்க்கையும் மாறியிருக்கிறது. முதல் விடைக்குப் பரிசு பிரம்படி. இரண்டாவது விடைக்குப் பரிசு தாயின் கண்ணீர். மூன்றாவது விடைதான் உதவிக்கு வழி திறந்தது.

முதலில் நம் ஊர்த் திண்ணைக்குச் செல்வோம். சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ, 1822ஆம் ஆண்டில் மாகாணம் முழுவதும் நாட்டுப் பள்ளிகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டுமாறு கலெக்டர்களுக்கு ஆணையிட்டார். அப்பொழுது கோயமுத்தூர் மாவட்டத்தின் கலெக்டராக இருந்தவர், உதகமண்டலத்தை உருவாக்கியவர் என்று நீங்கள் அறிந்த ஜான் சல்லிவன். அவர் அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் அனுப்பிய அறிக்கையின்படி இம்மாவட்டத்தில் 763 பள்ளிகள் இருந்தன. அவற்றில் பயின்றோர் 8,206 பேர். இவ்விரண்டு எண்களையும் வகுத்துப் பாருங்கள். ஒரு பள்ளிக்குப் பதினொரு பிள்ளைகள்கூட இல்லை. ஓர் உபாத்தியாயர் பத்துப் பதினொரு முகங்களை நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருந்தால், எந்த முகம் எப்பொழுது வேறிடம் போகிறது என்பது அவருக்குத் தெரியாமல் போகாது.

அதே அறிக்கை பள்ளி நேரத்தையும் கூறுகிறது. காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை ஒரு வேளை; பிற்பகல் ஒரு மணி அல்லது இரண்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை மற்றொரு வேளை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அவற்றை அடுத்த நாள்களுக்குமாக மாதத்தில் நான்கு நாள் விடுமுறை. ஐந்து வயதில் சேர்ந்த பிள்ளை பதின்மூன்று, பதினான்கு வயது வரை பயின்றது. நேரம் நீளமானதுதான். ஆனால், அந்த நேரம் முழுதும் பிள்ளை வாய்மூடிக் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை என்பதை நீங்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

திண்ணைப் பள்ளியில் பிள்ளை மணலில் விரலால் எழுதிற்று. எழுதும்போதே எழுத்தை உரக்கச் சொல்லிற்று. கை, கண், வாய், செவி ஆகிய நான்கும் ஒரே வேலையில் ஈடுபட்டன. எண்சுவடியையும் நெடுங்கணக்கையும் எல்லாரும் சேர்ந்து இசையோடு முறை சொன்னார்கள். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளைய பிள்ளையின் அருகில் அமர்ந்து கற்பித்தான். டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் இளமைப் பருவத்துப் பள்ளியைப் பற்றி 'என் சரித்திரம்' என்னும் நூலில் ஓர் அழகான வழக்கத்தைக் குறித்திருக்கிறார். மாலையில் வீட்டுக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கு உபாத்தியாயர் ஆளுக்கொரு பெயரைச் சொல்லி அனுப்புவாராம். ஒருவனுக்கு ஒரு பூவின் பெயர். ஒருவனுக்கு ஒரு பறவையின் பெயர். மறுநாள் அதை மறவாமல் வந்து சொல்ல வேண்டும். பெரிய பாடத்தைச் சுமத்தாமல் ஒரே ஒரு சொல்லைக் கொடுத்து நினைவைப் பழக்கிய முறை இது.

இந்த முறையின் ஒரு பகுதி கடல் கடந்தும் சென்றது. சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியை 1789ஆம் ஆண்டு முதல் நடத்திவந்த டாக்டர் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனையும், மாணாக்கரே மாணாக்கருக்குக் கற்பிக்கும் முறையையும் தம் பள்ளியில் கையாண்டார். இங்கிலாந்துக்குத் திரும்பியபின் 1797ஆம் ஆண்டில் அதனைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

எனினும், திண்ணைப் பள்ளியைப் பொற்காலம் என்று நான் கூறமாட்டேன். சல்லிவன் தந்த எண்களின்படி ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த மாவட்டத்தில் எண்ணாயிரம் பேரே பயின்றார்கள். அவர்களில் பெண் குழந்தைகள் நூற்றுக்கும் குறைவு. பிரம்பும் கோதண்டமும் ஓயாமல் வேலை செய்தன. பாடம் வராத பிள்ளை வயலுக்கோ தறிக்கோ அனுப்பப்பட்டது. அதன்பின் அதனைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை. நிலைகொள்ளாத பிள்ளைகள் அன்றும் இருந்திருப்பார்கள். ஏட்டில் அவர்கள் இடம்பெறவில்லை, அவ்வளவே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பள்ளியின் வடிவம் மாறிற்று. வயது வாரியாக வகுப்புகள் பிரிந்தன. பலகையும் மேசையும் மணியும் வந்தன. ஆண்டுத் தேர்வு வந்தது. கோவையில் 1888ஆம் ஆண்டில் முதல் நூற்பாலை தோன்றியது. ஆலைச் சங்குக்கு ஊர் எழுந்து உறங்கப் பழகிக்கொண்டிருந்த காலத்தில், பள்ளி மணிக்குப் பிள்ளைகள் எழுந்து உட்காரப் பழகினார்கள். எல்லாக் குலத்துப் பிள்ளைகளுக்கும் கல்வி கிட்டுவதற்கு இந்தப் புதிய பள்ளி வழி செய்தது. அதன் நன்மையை மறுக்க முடியாது. ஆனால் நாற்பது பேர் அடங்கிய வகுப்பில், அசையாமல் உட்காருவது என்பதே ஒரு பாடமாகிவிட்டது. எந்த ஏட்டிலும் எழுதப்படாத அந்தப் பாடத்தில் தோற்ற பிள்ளை, எல்லாப் பாடத்திலும் தோற்றவனாக எண்ணப்பட்டான்.

இதே காலத்தில் மேல்நாட்டு மருத்துவர்கள் இத்தகைய பிள்ளைகளைக் கூர்ந்து நோக்கத் தொடங்கியிருந்தார்கள். ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், ஒரு பொருளின்மேல் மனத்தை நிறுத்த இயலாத நிலையைத் தனியே விவரித்தார். அது பிறவியிலேயே வரலாம் என்றும், வயது ஏறும்போது குறையக்கூடும் என்றும் அவர் கருதினார். பிராங்பர்ட் நகரத்து மருத்துவர் ஹைன்ரிக் ஹாப்மன், தம் சிறு மகனுக்காகத் தாமே படம் வரைந்து எழுதி வெளியிட்ட கதைப் புத்தகத்தில், உணவு மேசையில் ஒரு கணமும் சும்மா இருக்க முடியாத பிலிப் என்னும் சிறுவன் வருகிறான். நாற்காலியை ஆட்டி ஆட்டி, மேசை விரிப்போடு உணவையும் இழுத்துக்கொண்டு விழுகிறான். ஐரோப்பியப் பிள்ளைகள் அதைப் படித்துச் சிரித்தார்கள். சிரித்தவர்களுள் எத்தனை பிலிப்புகள் இருந்தார்களோ!

1902ஆம் ஆண்டில் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர், தாம் கண்ட நாற்பத்து மூன்று குழந்தைகளைப் பற்றி மருத்துவர் அவையில் தொடர் சொற்பொழிவு ஆற்றினார. அறிவுக் குறை இல்லாத குழந்தைகள்கூடத் தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்ள இயலாமல் தவிப்பதை அவர் எடுத்துக் காட்டினார். அதற்கு அவர் இட்ட பெயர் ஒழுக்கக் கட்டுப்பாட்டுக் குறை என்பது. இன்று அப்பெயரை நாம் ஏற்கமாட்டோம். ஆயினும், அடித்தாலும் திருந்தாத குழந்தையை நோக்கி, 'இது உடலோடு தொடர்புடைய ஒன்றாக இருக்கலாம்' என்று ஒரு மருத்துவர் சொன்னது பெரிய திருப்பம்.

அடுத்த திருப்பம் தற்செயலாக வந்தது. அமெரிக்காவில் ரோட் தீவு மாநிலத்துக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் சார்லஸ் பிராட்லி என்பவர் பணியாற்றினார். 1937ஆம் ஆண்டில் அவர் முப்பது குழந்தைகளுக்குப் பென்சிட்ரின் என்னும் ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். ஊக்க மருந்து பிள்ளைகளை மேலும் துள்ள வைக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பர். ஆனால், ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் அமைதியாக அமர்ந்து பாடத்தில் முன்னேறினார்கள். மெத்தில்பெனிடேட் என்னும் மருந்து 1944ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டு, பின்னர் இக்குறைக்குப் பயன்பட்டது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980ஆம் ஆண்டில் கவனக்குறைவுக் கோளாறு என்று பெயரிட்டு, துள்ளல் இல்லாமலும் கவனக்குறைவு இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டது. 1987ஆம் ஆண்டில் இப்பொழுதுள்ள பெயர் வந்தது. அதனைத் தமிழில் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்கிறோம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு ஏ.டி.எச்.டி. என்று சுருக்கிச் சொல்வதும் உண்டு.

மூளையைப் படம் பிடிக்கும் கருவிகள் வந்தபின் இக்கதை மேலும் தெளிவாயிற்று. 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, இக்குறைபாடு உள்ள குழந்தைகளின் மூளைப் புறணி மற்றக் குழந்தைகளைப் போன்றே வளர்கிறது என்றும், ஆனால் சராசரியாக மூன்று ஆண்டுகள் பிந்தி முதிர்கிறது என்றும் காட்டிற்று. பிந்துவது பெரும்பாலும் நெற்றிப்புறத்துப் பகுதி. திட்டமிடுவதும், காத்திருப்பதும், வேண்டாத நினைவை ஒதுக்குவதும் அப்பகுதியின் வேலைகள். பத்து வயதுப் பிள்ளையிடம் பத்து வயதுக்குரிய அடக்கத்தை நாம் கேட்கிறோம். அந்த ஒரு திறனில் மட்டும் அவனிடம் இருப்பது ஏழு வயதுக்குரிய இருப்பு. கடன் கேட்பவர் எத்தனை முறை அதட்டினாலும், பெட்டியில் இல்லாத பணம் வெளியே வராது அல்லவா?

இக்குறைபாடு குடும்ப வழியாக வருவது மிகுதி. சோம்பலோ அறிவுக் குறையோ தீய வளர்ப்போ இதற்குக் காரணம் அல்ல. ஆனால், துருதுருப்பான பிள்ளை ஒவ்வொன்றையும் இப்பெயரால் அழைப்பதும் தவறு. அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். வீட்டிலும் பள்ளியிலுமாக இரண்டு இடங்களிலாவது தென்பட வேண்டும். படிப்பையோ பழகுவதையோ அவை பாதிக்கவும் வேண்டும். கண் பார்வை, காது கேட்டல், தூக்கக் குறைவு, பசி, வீட்டுத் துயரம் ஆகியவை காரணமா என்பதையும் பார்க்க வேண்டும். முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். ஆசிரியர் செய்யத்தக்கது தாம் கண்டதைக் கண்டபடி எழுதிக் கொடுப்பது. மேலும், துள்ளாமல் சன்னலோரம் அமர்ந்து கனவு காணும் பிள்ளைக்கும் இக்குறை இருக்கலாம். பெண் குழந்தைகள் பலர் இவ்வாறு யார் கண்ணிலும் படாமலே பள்ளியை முடித்துவிடுகிறார்கள்.

இனி மீண்டும் கொங்கு நாட்டுக்கு வருவோம். மருத்துவர்கள் மேல்நாட்டில் பெயர் தேடிக்கொண்டிருந்த ஆண்டுகளில், நம் நாட்டுக் கல்வியாளர்கள் பள்ளியையே மாற்ற முயன்றுகொண்டிருந்தார்கள். திரு. தி. சு. அவினாசிலிங்கம் 1930ஆம் ஆண்டில் இராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கினார். பின்னர் அது பெரியநாயக்கன்பாளையத்தில் நிலைபெற்றது. காந்தியடிகள் 1937ஆம் ஆண்டில் வார்தாவில் ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது, கைத்தொழில் வழியாக அறிவை வளர்க்கும் அக்கருத்தை ஏற்று நடத்திய இடங்களுள் வித்யாலயமும் ஒன்று. அவினாசிலிங்கம் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராகவும் விளங்கினார். 1939ஆம் ஆண்டில் அடையாற்றுக்கு வந்த இத்தாலிய அம்மையார் மரியா மாண்டிசோரி, பிள்ளை தானே தேர்ந்தெடுத்த பொருளைக் கையால் எடுத்து வேலை செய்யும்போது ஆழ்ந்த ஒருமுகப்பாடு பிறக்கிறது என்பதை ஆசிரியர்களுக்குப் பயிற்சியாகவே காட்டினார்.

வித்யாலயத்தில் ஆசிரியராகப் பணியாற்றிய ஒருவரை நீங்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். அவர் ஈரோடு வட்டாரத்தைச் சேர்ந்த பெரியசாமித் தூரன். தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியர் என்றும், இசைப் பாடல்கள் இயற்றியவர் என்றும் அவரை நாடு போற்றுகிறது. அவர் உளவியலைத் தமிழில் எழுதியவர் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 'குழந்தை உள்ளம்', 'தாழ்வு மனப்பான்மை', 'மனம் என்னும் மாயக்குரங்கு' என்னும் நூல்கள் அவர் எழுதியவை. பிள்ளையின் நடத்தைக்குப் பின்னால் ஒரு மனம் இருக்கிறது. அதை அறியாமல் பிள்ளையைத் திருத்த முடியாது என்னும் எண்ணத்தை, ஆங்கிலம் அறியாத பெற்றோருக்கும் எட்டும்படி செய்த முன்னோடிகளுள் அவர் ஒருவர். நான் ஆசிரியர் பயிற்சி பெற்ற நாள்களில் உளவியல் பாடத்தை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்துவிட்டு, தூரன் அவர்களின் நூலில்தான் அதற்குப் பொருள் தேடினேன்.

நம் பகுதியில் பிறந்த ஜி. டி. நாயுடுவைப் பற்றியும் கேட்டிருப்பீர்கள். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. ஆனால் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிக் கழற்றிக் கழற்றிப் பூட்டி இயந்திர நுட்பத்தைக் கற்றவர். 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கியவர். அவருக்கு இக்குறைபாடு இருந்தது என்று சிலர் பேச்சுவாக்கில் சொல்வார்கள். மறைந்த பெரியோர்களுக்கு நோய்ப்பெயர் சூட்ட நமக்கு உரிமையில்லை. அவர் வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது வேறு: கைக்கு வேலை கிடைக்கும்போது கவனம் ஊன்றும் பிள்ளைகள் உண்டு, ஏட்டை மட்டும் நீட்டும் பள்ளி அவர்களை இழந்துவிடும்.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003ஆம் ஆண்டில் தொடங்கி, பின்னர்த் தமிழகமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் முறையை உங்களுள் சிலர் தொடக்க வகுப்பில் கண்டிருப்பீர்கள். பிள்ளைகள் தரையில் குழுவாக அமர்ந்து, அட்டைகளைத் தாமே எடுத்துவந்து, தத்தம் வேகத்தில் படித்தார்கள். எழுந்து நடப்பது அங்கே குற்றமாகக் கருதப்படவில்லை. பாடத்தின் பகுதியாகவே அமைந்தது. மணலில் எழுதிய திண்ணைப் பிள்ளையின் நினைவு எனக்கு அப்பொழுது வந்தது.

இக்குறைபாடு நம்மிடையே எவ்வளவு பரவியிருக்கிறது? கோவை மாவட்டத்தில் நான்கு பள்ளிகளில் ஆறு முதல் பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வொன்று 2013ஆம் ஆண்டில் இந்திய உளமருத்துவ இதழில் வெளிவந்தது. பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பிய வினாப்பட்டியலைக் கொண்டு அது கணித்த அளவு 11.32 விழுக்காடு. அவர்களில் மூன்றில் இருவர் ஆண் பிள்ளைகள். உலக அளவில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது ஏறத்தாழ ஐந்து விழுக்காடு என்று சொல்லப்படுகிறது. வினாப்பட்டியல் வேறு, மருத்துவரின் முழு ஆய்வு வேறு. ஆகையால் கோவை எண் சற்று உயர்ந்து தோன்றலாம். ஐந்து என்றே கொண்டாலும், நாற்பது பேர் உள்ள வகுப்பில் இருவர். நம் ஊரில் இக்குறை இல்லை என்று எந்தப் பள்ளியும் சொல்லிக்கொள்ள முடியாது.

"அடியாத மாடு படியாது" என்று ஒரு பழமொழி நம் நாட்டில் வழங்குகிறது. காங்கேயம் காளையைப் பழக்கும் உழவரிடம் இப்பழமொழியைச் சொல்லிப் பாருங்கள், அவர் சிரிப்பார். புதுக் காளையைப் பழகிய காளையோடு இணைத்துப் பூட்டுவார். முதல் நாள் வெறும் நுகம், பிறகு சிறு பாரம், சிறிது தூரம், உடனே தட்டிக் கொடுத்தல். மிரளும் இடத்துக்கு முதலில் கொண்டுபோகமாட்டார். பிள்ளைகளுக்கு நாம் செய்ய வேண்டியதும் இதைவிடக் குறைந்ததாக இருக்கலாகாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பள்ளியில் உடல் தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடுத்துவிட்டது. பிரம்பைக் கீழே வைத்த கை, வேறு எதை எடுக்க வேண்டும் என்பதே இப்பொழுதுள்ள கேள்வி.

1990களில் நான் ஆசிரியனாக இருந்த ஒரு கிராமப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். தறி நெய்யும் குடும்பத்துப் பிள்ளை. கால் மணி நேரம் ஓரிடத்தில் இரான். கணக்கில் முதல் வரியைச் சரியாகப் போட்டுவிட்டு நான்காம் வரியில் காணாமற்போவான். எங்கள் பள்ளித் தமிழையா அவனை முன் வரிசையில், நிதானமான ஒரு மாணவனுக்கு அருகில் அமர்த்தினார். பத்துக் கணக்கை மூன்று பங்காகப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொரு பங்கு முடிந்ததும் வருகைப் பதிவேட்டை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வா, கரும்பலகையைத் துடை என்று ஏதேனும் ஒரு வேலை தருவார். முடித்த பங்குக்கு அந்தக் கணமே ஒரு நல்ல சொல். மாலையில் வீட்டுப்பாடத்தை ஒரு சிறு நோட்டில் எழுதித் தம் கையெழுத்திட்டு அனுப்ப, அவன் தாய் மறுநாள் கைநாட்டு வைத்து அனுப்புவார். அவன் முதல் மாணவனாகிவிடவில்லை. பத்தாம் வகுப்பை இரண்டாம் முயற்சியில் முடித்தான். ஆனால், அந்த ஆண்டுக்குப் பிறகு அவன் பள்ளியை விட்டு ஓடவில்லை. அவன் தாய்க்கு அதுவே போதுமானதாக இருந்தது.

தமிழையா ஏ.டி.எச்.டி. என்னும் பெயரைக் கேட்டதில்லை. ஆயினும் அவர் செய்தவை இன்று வல்லுநர்கள் கூறும் வழிகளோடு ஒத்துப்போகின்றன. ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டும் சொல்லுதல், நீண்ட வேலையைச் சிறு கூறுகளாக்குதல், இடையிடையே உடலுக்கு இயக்கம் தருதல், செய்தவுடனே பாராட்டுதல், நாள்தோறும் ஒரே ஒழுங்கைக் கடைப்பிடித்தல், பள்ளியும் வீடும் ஒரே குரலில் பேசுதல் ஆகியவை அவ்வழிகள். இவற்றோடு போதிய தூக்கமும், மாலை விளையாட்டும், படிக்கும் மேசையிலிருந்து கைபேசியை அகற்றுதலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உதவும். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது பெற்றோருக்கான பயிற்சியே. வளர்ந்த பிள்ளைகளுள் தேவைப்படுவோர்க்கு மருந்தும் நல்ல பயன் தருகிறது. அதை மருத்துவர் தேர்ந்து, எடையையும் பசியையும் தூக்கத்தையும் கவனித்துவந்து கொடுக்க வேண்டும். மருந்து என்றவுடன் அஞ்சி ஓடுவதும் தவறு. மருந்து ஒன்றே போதும் என்று மற்றவற்றைக் கைவிடுவதும் தவறு.

தமிழில் அவதானம் என்று ஒரு கலை உண்டு. ஒரே நேரத்தில் பலர் கேட்கும் பல கேள்விகளை நினைவில் நிறுத்தி விடை சொல்லும் கலை அது. கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து, நூறு செயல்களில் கவனத்தை ஒருங்கே நிறுத்திக் காட்டினார். கவனத்தின் உச்சியை மேடையேற்றிப் போற்றிய சமுதாயம் நம்முடையது. அந்த மலையின் அடிவாரத்தில் முதற்படி ஏறத் தவிக்கும் பிள்ளைக்குக் கை கொடுப்பதும் நம் கடமைதான்.

மாணவ மாணவியரே! உங்கள் வகுப்பில் அப்படி ஒருவர் இருப்பார். அவர் எழுதாமல் விட்ட வரியை நீங்கள் காட்டலாம். நாளைக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்பதை மாலையில் ஒருமுறை நினைவூட்டலாம். அவர் தடுமாறும்போது சிரிக்காமல் இருக்கலாம். இவை சட்டாம்பிள்ளையின் பழைய கடமைகளே. அந்த ஒருவர் நீங்களாகவே இருந்தால், ஒன்றை உறுதியாக அறிந்துகொள்ளுங்கள்: மனம் விலகிச் செல்வது உங்கள் குற்றமன்று. அதைத் திரும்ப அழைத்துவரும் பழக்கத்தைச் சிறிது சிறிதாகக் கற்கலாம். அதற்கு உதவி கேட்பதில் வெட்கமில்லை. நம்பிக்கையுள்ள ஓர் ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ நாளைக் காலையிலேயே சொல்லுங்கள். கேட்கும் பொறுப்பு எங்களுடையது.